பன்னிரண்டு எழுத்தில் ஒரு குரல்: ஓபரா ஒலிப்பதிவுக் குறியீடுகளோடு நான்கு மாதங்கள்

லியூ சாகும் இடத்தில்தான் எனக்கு முதலில் சந்தேகம் வந்தது. இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் 'டுராண்டோட்' என்ற ஓபரா, அதாவது இசைநாடகம்; மூன்றாம் அங்கம். அடிமைப் பெண் லியூ தன் கடைசிப் பாடலைப் பாடிக்கொண்டிருக்கிறாள். முதல் அங்கத்திலிருந்து நான் கேட்டுவந்த குரல் அது அல்ல. மூச்சை வேறு இடத்தில் எடுக்கிறாள். மேல் சுரத்தைத் தொட்டவுடனே விட்டுவிடுகிறாள். பாடல் முடிந்து அடுத்த டிராக் தொடங்கியதும் வாத்தியக் குழுவின் ஓசை மறுபடியும் பழைய அரங்கத்துக்கே திரும்பிவிட்டது. நடுவில் ஒரே ஒரு டிராக் மட்டும் வேறொரு பதிவிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தது.

என் சி.டி.க்களை நானே கணினியில் ஏற்றி, ஓர் இணைய இசைச் சேவையின் பொருத்தித் தரும் வசதியிடம் ஒப்படைத்திருந்தேன். அந்த வசதி நம் கோப்பை வைத்துக்கொள்வதில்லை. தலைப்பையும் நீளத்தையும் பார்த்து, தன் கிடங்கில் உள்ள ஏதோ ஒரு பிரதியை 'இதுதான் உங்களுடையது' என்று எடுத்துக் கொடுக்கும். திரைப்பாடலுக்கு அது ஒருவேளை போதும். ஓபராவில் ஒரே ஆரியாவை, அதாவது ஒரு பாத்திரத்தின் தனிப்பாடலை, நூறு பேர் பாடியிருப்பார்கள்; தலைப்பு எல்லாவற்றுக்கும் ஒன்று, நீளமும் சில நொடிகள் முன்பின். அங்கே குறியீட்டைப் பார்க்காமல் பொருத்துவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஆளை அடையாளம் சொல்வது மாதிரி.

அன்று முதல் நான்கு மாதங்கள், என் தொகுப்பில் உள்ள ஓபராக்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒலிப்பதிவுக்கான குறியீடு என்ன, அதன் அடியில் இருக்கும் இசைப்படைப்புக்கான குறியீடு என்ன என்று பார்த்துப் பதிந்துகொண்டே வந்தேன். இந்த இரண்டும் ஓபரா கேட்பவருக்கும் பாடுபவருக்கும் எவ்வளவு தூரம் உதவுகின்றன, எங்கே கைவிடுகின்றன என்பதை ஒரு பயனாளியாக எழுதுகிறேன்.

முதலில் ஒலிப்பதிவுக் குறியீடு. ஐ.எஸ்.ஆர்.சி. என்று சொல்வார்கள். 1986இல் ஐ.எஸ்.ஓ. 3901 என்ற தரமாக வந்தது. உலக அளவில் அதை நிர்வகிப்பது இசைத்தட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐ.எஃப்.பி.ஐ. மொத்தம் பன்னிரண்டு இடங்கள். முதல் ஐந்து, குறியீடு வழங்கியவருக்கான முன்னொட்டு. அதில் முதல் இரண்டு எழுத்துகள், அடுத்த மூன்று எழுத்தாகவோ எண்ணாகவோ இருக்கலாம். பிறகு இரண்டு இலக்கத்தில் ஆண்டு. கடைசி ஐந்தும் வரிசை எண். ஒரு முன்னொட்டை வைத்து ஓர் ஆண்டில் ஒரு லட்சம் பதிவுகளுக்கு எண் கொடுக்கலாம்.

இது அடையாளம் காட்டுவது ஒரு குறிப்பிட்ட ஒலிப்பதிவை மட்டுமே. பாடலை அல்ல, ஆல்பத்தை அல்ல, பாடகியையும் அல்ல. அதே பதிவு பத்துத் தொகுப்புகளில் வந்தாலும் எண் ஒன்றுதான். ஆல்பத்துக்கு அட்டையில் இருக்கும் பார்கோடு எண் தனி. அச்சிட்ட இசைக்குறிப்புப் புத்தகத்துக்கு 979-0 என்று தொடங்கும் ஐ.எஸ்.எம்.என். தனி.

சி.டி.யிலேயே இந்தக் குறியீடு புதைந்திருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. ஒலியோடு கூடவே ஓடும் க்யூ என்ற துணைத்தடத்தில், சிறு இடைவெளிகளில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். தகட்டைக் கணினியில் செருகி அதற்கான மென்பொருளை ஓட்டினால் ஒவ்வொரு டிராக்குக்கும் எதிரே பன்னிரண்டு எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கும். முதல் முறை அதைப் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. பல வருடங்களாகக் கையில் புழங்கிய தகடு. அதற்குள் ஒவ்வொரு ஆரியாவும் தன் பெயர்ச்சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இத்தனை நாளும் காத்திருந்திருக்கிறது.

வாசிக்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். சில வாசிப்பான்கள் பக்கத்து டிராக்கின் குறியீட்டையே இதற்கும் கொடுத்துவிடும். அடுத்தடுத்த இரண்டு டிராக்குகளுக்கு ஒரே எண் வந்தால் நம்பாதீர்கள். மறுபடி வாசியுங்கள், முடிந்தால் வேறொரு வாசிப்பானில். நான் எல்லாத் தகட்டையும் இரண்டு முறை வாசித்தேன். நேரம் பிடித்தது, ஆனால் மூன்று தகடுகளில் பிழை அகப்பட்டது.

அடுத்து, ஆண்டு இலக்கம். இதில் ஏமாறாதவர்கள் குறைவு. மரியா காலாஸ் பாட, விக்டர் டே சபாட்டா வாத்தியக் குழுவை நடத்திய புச்சினியின் 'டோஸ்கா' 1953 ஆகஸ்டில் மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் பதிவானது. அதன் குறியீட்டில் 53 என்று இருக்கும் என எதிர்பார்த்தால் தவறு. அந்த இரண்டு இலக்கம் குறியீடு கொடுத்த ஆண்டு. பாடிய ஆண்டு அல்ல. இந்தக் குறியீட்டு முறையே 1986இல்தானே பிறந்தது? அதற்கு முந்தைய பதிவுகள் எல்லாம் பின்னாளில்தான் எண் வாங்கின. ஆனால் பழைய ஓபராப் பதிவுகளை வைத்திருக்கும் சில பட்டியல்கள் இந்த இலக்கத்தைப் பார்த்தே 'பதிவான ஆண்டு' என்ற கட்டத்தை நிரப்பிவிடுகின்றன. எப்போதோ மறைந்த பாடகி போன பத்தாண்டில் பாடியதாக வந்து நிற்பது அதனால்தான். உங்கள் பட்டியலில் அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் தகட்டோடு வந்த கையேட்டைத் திறந்து பதிவு விவரத்தைப் பார்த்துத் திருத்திவிடுங்கள். பாடியவருக்கு நாம் செய்யும் மரியாதை அது.

உரிமையாளர் மாறினாலும் குறியீடு மாறாது என்ற விதி எனக்கு மிகவும் பிடித்தது. அந்த 'டோஸ்கா' இ.எம்.ஐ. நிறுவனத்துக்காகப் பதிவானது. 2013இல் அந்நிறுவனத்தின் செவ்வியல் பதிவுகள் வார்னர் கைக்குப் போயின. வீடு கைமாறியதற்காகக் குழந்தையின் பெயரை மாற்ற முடியுமா? ஒருமுறை கொடுத்த எண் கொடுத்ததுதான். முன்னொட்டைப் பார்த்து 'இது இன்னாருடையது' என்றோ 'இந்த நாட்டுக்காரர்கள் பாடியது' என்றோ முடிவு கட்டக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். குறியீடு உரிமைப் பத்திரம் அல்ல.

எண் மாறும் இடம் வேறு. ஒரு பழைய பதிவை வெறுமனே புதிய வடிவத்துக்கு மாற்றினால் பழைய எண்ணே போதும். மூல நாடாவுக்குத் திரும்பிப் போய், ஓசையை முழுமையாகச் சீரமைத்தால் புது எண் வாங்க வேண்டும். 2014இல் வந்த காலாஸ் ஸ்டூடியோப் பதிவுகளின் பெட்டியில் 69 தகடுகள். எல்லாம் புதிதாகச் சீரமைக்கப்பட்டவை. ஆக, அதே தொண்டையிலிருந்து அதே நாளில் வந்த, 'டோஸ்கா'வின் அதே 'விஸ்ஸி தார்தே' ஆரியா இன்று ஒன்றுக்கு மேற்பட்ட எண்களோடு உலவ விதியே இடம் கொடுக்கிறது. இதைக் குறை என்று நான் சொல்ல மாட்டேன். சீரமைத்தவரின் காதும் உழைப்பும் அதில் இருக்கின்றன. ஆனால் 'இவை இரண்டும் ஒரே பாடலின் ஒரே பாடுதல்' என்பதைச் சொல்ல அந்தப் பன்னிரண்டு இடங்களில் இடமே இல்லை. எண்ணை வைத்துக்கொண்டு உறவு தெரியாது.

இனி ஓபராவுக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். நான்கு மாதத்தில் எனக்கு அதிக நேரம் பிடித்ததும் இதுதான்.

ஐ.எஸ்.ஆர்.சி. டிராக்குக்குத்தான் கிடைக்கும். முழு ஓபராவுக்கு என்று ஒரே எண் கிடையாது. சரி, ஓபராவில் டிராக் என்றால் என்ன? மொஸார்ட்டிடம் கேட்டால் அவர் எண் போட்டே வைத்திருப்பார்: இது ஆரியா, இது இருவர் பாடல், இது இடையே வரும் பேச்சிசை. வாக்னரிடம் அது நடக்காது. 'டாஸ் ரைன்கோல்ட்' சுமார் இரண்டரை மணி நேரம் ஓடும். திரை விழுந்து இடைவேளை விட ஓர் இடம்கூட வைக்காமல் எழுதப்பட்ட இசை. ஷோல்டி நடத்த, ஜான் கல்ஷா தயாரிக்க, 1958இல் வியன்னாவின் சோஃபியன்சால் அரங்கில் டெக்கா அதைப் பதிவு செய்தபோது எல்.பி. இசைத்தட்டின் பக்கம் தீரும் இடம்தான் வெட்டு. பிறகு சி.டி. வந்தது. எங்கே வெட்டுவது என்பதைப் பதிப்பைத் தயாரித்தவர் முடிவு செய்தார். அந்த வெட்டுக்குத்தான் எண்.

இதை மேசை மேல் வைத்துப் பார்த்தேன். என்னிடம் ஒரே பழைய பதிவின் இரண்டு பதிப்புகள் இருக்கின்றன. ஒன்றில் நாயகியின் ஆரியா, அதற்கு முன்னால் வரும் பேச்சிசையோடு சேர்ந்து ஒரே டிராக். மற்றதில் பேச்சிசை தனி, ஆரியா தனி. முதல் பதிப்பில் அந்தக் காட்சிக்கு ஓர் எண், இரண்டாவதில் இரண்டு எண்கள், மூன்றும் வேறு வேறு. காதுக்குக் கிடைப்பது ஒன்றே. ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெட்டு விழும் நொடியை நாலைந்து முறை கேட்டேன்: இரண்டாம் பதிப்பில் வயலின்கள் புதிய சுருதிக்கு மாறுவதற்கு முன்னால், பாடகி மூச்சிழுக்கும் இடத்தில் வெட்டு; முதலாவதில் அங்கே வெட்டே இல்லை. அந்த மூச்சு எந்த எண்ணுக்குச் சொந்தம்? இரண்டாம் பதிப்பில் ஆரியாவுக்குச் சொந்தம், முதலாவதில் பிரிக்கவே முடியாது. ஆக, ஓபராவில் இந்தக் குறியீடு இசையின் ஒரு முழு உறுப்பை எப்போதும் காட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். பல நேரங்களில் அது கத்திரிக்கோல் விழுந்த இடத்தைக் காட்டுகிறது.

இன்னொரு குறை: இதில் சரிபார்ப்பு இலக்கம் இல்லை. பன்னிரண்டில் ஒன்றைத் தவறாகத் தட்டினால் எந்த எச்சரிக்கையும் வராது. யாரோ ஒருவருடைய பாடலின் எண்ணாக அது அமைதியாக நின்றுவிடும். முன்னொட்டில் 'ஓ' என்ற ஆங்கில எழுத்தும் பூஜ்யமும் மாறிப்போகும் ஆபத்தும் உண்டு. கையால் தட்டாதீர்கள், எப்போதும் நகலெடுத்து ஒட்டுங்கள்.

ஐ.எஃப்.பி.ஐ. நடத்தும் பொதுத் தேடல் பக்கம் யாருக்கும் திறந்திருக்கிறது. பாடியவர் பெயரும் தலைப்பும் கொடுத்துத் தேடலாம், அல்லது எண்ணைக் கொடுத்து அது யாருடையது என்று பார்க்கலாம். எண்ணைக் கொடுத்துத் தேடுவதே ஓபராவுக்குச் சிறந்த வழி. தலைப்பு இத்தாலியனிலா ஆங்கிலத்திலா, அங்கம் ரோமன் எண்ணிலா சாதாரண எண்ணிலா, முதலில் இசையமைப்பாளர் பெயரா ஓபராவின் பெயரா என்று ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக எழுதும் உலகம் இது. லியூவின் டிராக்கை நான் மீட்டது இப்படித்தான். என் தகட்டில் இருந்த எண்ணையும், சேவை கொடுத்த கோப்பின் விவரத்தில் இருந்த எண்ணையும் அடுத்தடுத்து வைத்தேன். இரண்டாவது எண் வேறொரு பாடகியின் பதிவு என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அந்த ஒரு நிமிடத்துக்காகவே இந்தக் குறியீட்டுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இரண்டாவது, இசைப்படைப்புக் குறியீடு: ஐ.எஸ்.டபிள்யூ.சி. யார் பாடினார்கள், எங்கே பதிந்தார்கள் என்பதெல்லாம் இதற்குப் பொருட்டில்லை. எழுதப்பட்ட இசைக்கும் அதோடு சேர்ந்த சொல்லுக்கும் கொடுக்கும் எண் இது. உலகெங்கும் உள்ள படைப்பாளர் சங்கங்களின் கூட்டமைப்பான சிசாக் இதைப் பார்த்துக்கொள்கிறது. முதல் எண் 1995இல் ஆபா குழுவின் 'டான்சிங் குயின்' பாடலுக்குப் போனது: டி-000.000.001-0. ஐ.எஸ்.ஓ. 15707 என்ற தரமாக 2001இல் வெளிவந்தது.

அமைப்பு எளிது. 'டி' என்ற எழுத்து, ஒன்பது இலக்கங்கள், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். அந்தக் கடைசி இலக்கம் எப்படி வருகிறது என்பதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். இந்த முறையை விளக்க வழக்கமாகக் காட்டப்படும் எண் டி-034.524.680-1. ஒன்பது இலக்கங்களையும் இடமிருந்து வலமாக 1 முதல் 9 வரை பெருக்க வேண்டும்: 0, 6, 12, 20, 10, 24, 42, 64, 0. கூட்டினால் 178. முன்னால் இருக்கும் 'டி'க்காக ஒன்றைச் சேர்த்தால் 179. அடுத்த பத்தை எட்ட இன்னும் எவ்வளவு? ஒன்று. கடைசி இலக்கமும் ஒன்று. சரியாக விழுந்தபோது பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு விடை வந்த மகிழ்ச்சி எனக்கு.

அந்த ஒன்பதில் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினால் இந்தக் கணக்கு கட்டாயம் பிடித்துவிடும். ஆனால் ஓர் இலக்கம் மட்டும் தவறினால் எல்லாவற்றையும் பிடிக்காது. மேலே சொன்ன எண்ணில் ஐந்தாவது இலக்கமான 2க்குப் பதில் 4 என்று போட்டுப் பாருங்கள். ஐந்தால் பெருக்கும்போது 10 இருந்த இடத்தில் 20 வரும். கூட்டுத்தொகை 188, ஒன்றைச் சேர்த்தால் 189. சரிபார்ப்பு இலக்கம் மறுபடியும் 1. பிழை நழுவிப் போய்விடும். ஆகவே சரிபார்ப்பில் தேறிய எண் எல்லாம் சரியான எண் என்று நம்பி இருந்துவிட முடியாது. தலைப்பையும் ஆக்கியவர் பெயரையும் ஒருமுறை ஒப்பிடுங்கள்.

இந்தக் குறியீடு ஓபராவுக்குள் நுழையும்போதுதான் நிலைமை கனக்கிறது. 'டுராண்டோட்'டையே எடுத்துக்கொள்கிறேன்.

புச்சினி 1924 நவம்பர் 29 அன்று பிரஸ்ஸல்ஸில் இறந்தபோது கடைசிக் காட்சி முடிந்திருக்கவில்லை. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து ஃப்ராங்கோ அல்ஃபானோ முடித்துக் கொடுத்தார். 1926 ஏப்ரல் 25 அன்று லா ஸ்காலாவில் முதல் நிகழ்ச்சி. நடத்திய டோஸ்கானினி, லியூ இறந்ததும் கோலைக் கீழே வைத்துவிட்டார். அல்ஃபானோ முதலில் எழுதிய முடிவு நீளமானது. அதைச் சுருக்கச் செய்தார்கள். பெரும்பாலான மேடைகளிலும் பதிவுகளிலும் நாம் கேட்பது அந்தச் சுருக்கத்தையே. ஜூபின் மேத்தா நடத்த, சதர்லாண்டும் பவரோட்டியும் கபாயேயும் பாடிய 1972ஆம் ஆண்டுப் பதிவை முதலில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதுதான் 'டுராண்டோட்'டின் முடிவு. பாப்பானோ நடத்தி 2022இல் ரோமில் பதிவானது அல்ஃபானோவின் முழு முடிவோடு வந்தது. இதற்கு நடுவில் லூச்சியானோ பெரியோ முற்றிலும் வேறொரு முடிவை எழுதினார். அது 2002இல் முதன்முதலாக அரங்கேறியது.

இப்போது ஒரு பதிவைக் கையில் எடுத்து 'இதன் அடியில் இருக்கும் இசைப்படைப்பு எது?' என்று கேட்டால் 'டுராண்டோட்' என்பது பாதி விடைதான். யாருடைய முடிவு? இது ரசிகனின் நுணுக்கக் கேள்வி அல்ல. பணமும் இதன் மேல்தான் நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, சேர்ந்து உருவான இசைக்கும் சொல்லுக்கும், இசையமைத்தவர், சொல் எழுதியவர் ஆகியோரில் கடைசியாக இறந்தவரிலிருந்து எழுபது ஆண்டுகள் பதிப்புரிமை. 'டுராண்டோட்'டுக்குச் சொல் எழுதியவர்கள் ஜுசெப்பே அடாமியும் ரெனாட்டோ சிமோனியும். அடாமி 1946இல் இறந்தார், சிமோனி 1952இல். அந்தக் கணக்கில், இந்த ஓபராவின் புகழ்பெற்ற ஆரியாவான 'நெஸ்ஸுன் டோர்மா' 2022 முடிவு வரை உரிமைக்குள் இருந்தது. அல்ஃபானோ 1954இல் இறந்தார். அவர் பங்கு 2024 முடிவு வரை. பெரியோ இறந்தது 2003இல். அவருடைய முடிவுக்கு 2073 வரை உரிமை உண்டு. ஒரே ஓபரா, மூன்று கதவுகள், மூன்று வெவ்வேறு நாளில் திறக்கின்றன. ஒலிப்பதிவின் பன்னிரண்டு எழுத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அந்த டிராக் எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்று தெரியாது. அதைச் சொல்லக்கூடியது இசைப்படைப்புக் குறியீடு ஒன்றுதான், அதுவும் யாராவது அந்த இரண்டையும் கவனமாக இணைத்திருந்தால்.

ஒரு படைப்பை வேறு விதமாக அமைத்தால் தனி எண் என்ற விதியும் இங்கே பெரிதாக வேலை செய்கிறது. ஓபராவுக்குள் 'நெஸ்ஸுன் டோர்மா'வுக்கு நிற்கும் முடிவு கிடையாது. நாயகன் காலாஃபின் கடைசிச் சுரத்துக்குக் கைதட்ட இடம் விடாமல் இசை அடுத்த காட்சிக்குள் ஓடிவிடும். கச்சேரியில் பாடும்போது அதற்கென்று ஒரு முடிவைச் சேர்த்துப் பாடுகிறார்கள். அப்படி ஒருவர் புதிதாக அமைத்துத் தன் சங்கத்தில் பதிந்தால் அதற்கும் எண். பியானோவுக்கு அமைத்தால் ஓர் எண், பித்தளை வாத்தியக் குழுவுக்கு அமைத்தால் இன்னொன்று, வேறு மொழியில் பெயர்த்துப் பாடினால் இன்னொன்று. எனவே பிரபலமான ஓர் ஆரியாவின் தலைப்பை மட்டும் கொடுத்துத் தேடினால் நீங்கள் காண்பது ஓர் ஊர். எல்லாம் ஒரே பெயர்க்காரர்கள். அமைத்தவர் பெயர் எதுவும் இல்லாமல், இசையமைப்பாளரும் சொல் எழுதியவர்களும் மட்டும் இருக்கும் பதிவைத் தேடிப் பிடியுங்கள்; மூலப் படைப்பு அதுவாகத்தான் இருக்கும்.

என் தோழி ஒருத்தி சோப்ரானோ, அதாவது உச்சக் குரலில் பாடுபவள். ஓபரா ஆரியாக்களை மட்டும் வைத்து ஒரு சிறு ஆல்பம் வெளியிட்டிருந்தாள். விநியோகம் செய்த நிறுவனத்தை மாற்றினாள். புதிய இடத்தில் பழைய குறியீடுகளைக் கேட்கும் கட்டம் ஒன்று படிவத்தில் இருந்தது. காலியாக விட்டால் புது எண் போட்டுக்கொள்வார்கள் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, கேட்டவர்கள் எண்ணிக்கை எல்லாம் சுழியத்துக்குப் போய்விட்டது. ஆல்பம் அங்கேயேதான் இருக்கிறது."

"பழைய எண்களை எங்காவது எழுதி வைத்திருக்கிறாயா?"

"எண்ணா? எந்த எண்?"

அவளுடைய மாஸ்டர் சி.டி.யை வாங்கி என் கணினியில் வாசித்தேன். நல்ல வேளை, ஒலிப்பதிவுப் பொறியாளர் பொறுப்பானவர். பதினோரு டிராக்குக்கும் குறியீட்டைத் தகட்டிலேயே எழுதி வைத்திருந்தார். அந்தப் பதினொன்றையும் அனுப்பி, அதே பதிவுக்கு அதே எண்தான் இருக்க வேண்டும் என்ற விதியைச் சுட்டிக்காட்டி நாலு கடிதம் எழுதியபின் சரி செய்தார்கள். அந்த நாலு கடிதமும் தேவையே இல்லாதவை. விநியோகத்தை மாற்றும் ஒவ்வொரு பாடகருக்கும் முதல் கேள்வியாகக் கேட்க வேண்டியதைப் படிவத்தின் அடியில் ஒளித்து வைப்பது அநியாயம். பாடுகிறவர்களுக்கு நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான்: உங்கள் எண்களை ஒரு தாளில் எழுதி, ஒப்பந்தங்களோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். முடிந்தால் முன்னொட்டை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள்.

அதே ஆல்பத்தில் மொஸார்ட்டின் 'டான் ஜொவான்னி' ஓபராவிலிருந்து எல்விரா பாடும் 'மி டிராதி' இருந்தது. பியானோ வாசித்தவரே அதைத் தன் கைக்கு ஏற்பப் புதிதாக அமைத்திருந்தார். மொஸார்ட்டுக்கு உரிமைக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் அமைத்தவருக்கு உண்டு. அவர் தன் சங்கத்தில் பதிந்திருந்தால் அவருக்கென்று ஓர் இசைப்படைப்பு எண் இருந்திருக்கும். பதியவில்லை. அந்த டிராக்கில் யார் எழுதியது என்ற இடத்தில் மொஸார்ட் பெயர் மட்டும் நிற்கிறது. அமைத்தவர் பெயர் எங்குமே இல்லை.

'டான் ஜொவான்னி'யைத் தொட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1787 அக்டோபர் 29 அன்று ப்ராகில் அரங்கேறிய ஓபராவில் 'மி டிராதி' கிடையாது. மறு ஆண்டு வியன்னா மேடைக்காக மொஸார்ட் சேர்த்தது. மொஸார்ட் படைப்புகளுக்கான கெஷெல் பட்டியலில் ஓபராவின் எண் 527, இந்த ஆரியா 540சி. இரண்டு ஊர்ப் பாடல்களையும் கலந்துதான் பெரும்பாலான பதிவுகள் வருகின்றன. முசோர்க்ஸ்கியின் 'போரிஸ் கொடுனோவ்' இன்னும் கடினம்: 1869இன் முதல் வடிவம், 1872இன் திருத்திய வடிவம், பிறகு ரிம்ஸ்கி-கோர்சகோவ் கைவைத்தது, ஷோஸ்டகோவிச் வாத்திய அமைப்பை மாற்றியது. இசை நடத்துநர் கெர்கியெவ் 1869, 1872 வடிவங்கள் இரண்டையும் பதிவு செய்திருக்கிறார். 'போரிஸ்' என்று ஒரே சொல்லில் பட்டியலிட்டால் இவ்வளவும் மண்ணுக்குள் போய்விடும்.

இந்த இடத்தில்தான் மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற திறந்த தரவுத்தளத்தை மனமாரப் பாராட்ட வேண்டும். அதில் ஒலிப்பதிவு ஒரு பக்கம், இசைப்படைப்பு ஒரு பக்கம். ஐ.எஸ்.ஆர்.சி. முதலாவதில் ஏறும், ஐ.எஸ்.டபிள்யூ.சி. இரண்டாவதில். நடுவில் 'இது அதன் ஒலிப்பதிவு' என்று ஒரு கோடு இழுக்கலாம். முழுதும் பாடாமல் ஒரு பகுதி மட்டும் இருந்தால் 'பகுதி' என்று அந்தக் கோட்டிலேயே குறிக்கலாம். ஓபராவை மரமாக வைத்திருக்கிறார்கள்: ஓபரா, அதன் கீழே அங்கம், அதன் கீழே காட்சி, அதன் கீழே ஆரியா. வெட்டு எங்கே விழுந்தாலும் எந்தக் கிளையில் தொங்குகிறது என்று காட்டிவிட முடிகிறது. இரண்டு பெரிய குறியீடுகளும் தராததை இந்த மரம் தருகிறது, அதுவும் ஊதியம் வாங்காத தன்னார்வலர்களின் கையால். நான் என் 'டுராண்டோட்' பதிவுகளை அதில் ஏற்றி, முடிவுக் காட்சியின் ஒவ்வொரு டிராக்கையும் அல்ஃபானோவின் நீண்ட வடிவமா குறுகிய வடிவமா என்று இசைக்குறிப்போடு ஒப்பிட்டுக் கேட்டு இணைத்தேன். மூன்று மாலைகள் ஆயின. இனி யாருக்கும் அந்த மூன்று மாலைகள் தேவைப்படாது.

குறியீடுகள் வருவதற்கு முன்னால் எப்படி? அதற்கும் ஒரு நல்ல விடை உண்டு. பழைய இசைத்தட்டில் லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தில் ஓர் எண் பொறித்திருக்கும். மேட்ரிக்ஸ் எண் என்பார்கள். மெழுகில் வெட்டிய அந்தக் குறிப்பிட்ட பாடுதலின் எண் அது. 1902 ஏப்ரல் 11 அன்று மிலானில் ஒரு விடுதி அறையில் ஒலிப்பதிவாளர் ஃப்ரெட் கைஸ்பெர்க் முன்னால் ஓபரா பாடகர் கரூசோ பத்துப் பாடல்கள் பாடினார். அவற்றை இன்றும் பிரித்தறிய முடிவது அந்த எண்களால். அமெரிக்கப் பழம் பதிவுகளுக்குச் சாண்டா பார்பராவில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகம் நடத்தும் பட்டியல் இதற்குச் சிறந்த துணை. எத்தனையாவது முயற்சி என்பதுவரை பல பதிவுகளுக்குக் கிடைக்கிறது. ஐ.எஸ்.ஆர்.சி.யில் அந்த நுணுக்கம் கிடையாது.

மதிப்பெண் போடச் சொன்னால், ஒலிப்பதிவுக் குறியீட்டுக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். டிராக் அளவில் அது நேர்மையாக வேலை செய்கிறது. சரிபார்ப்பு இலக்கம் இல்லாததற்கும் முழு ஓபராவைக் கட்டித் தராததற்கும் ஒன்று குறைத்தேன். இசைப்படைப்புக் குறியீட்டுக்கு மூன்று. அதன் எண்ணம் உயர்ந்தது. ஆனால் ஓபராவைப் பொறுத்தவரை அது பிறந்த நோக்கம் வேறு, உரிமைப் பணம் பிரிப்பது. இரண்டையும் இணைக்கும் பாலத்துக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். ஆனால் அதை நாம்தான் ஒவ்வொரு பலகையாகப் போட வேண்டியிருக்கிறது. ஓபராவை வேலைக்கிடையே ஓடவிட்டுக் கேட்பவர்களுக்கு இது எதுவும் வேண்டியதில்லை. ஒரு குறிப்பிட்ட இரவில் ஒரு குறிப்பிட்ட தொண்டை பாடியதைத் தேடிப் போகிறவர்கள் முதல் தகட்டை இன்றே வாசிக்கத் தொடங்கலாம்.

லியூ இப்போது மூன்று அங்கங்களிலும் ஒரே குரலில் பாடுகிறாள். அலமாரியில் இன்னும் ஒரு பெட்டி மிச்சம் இருக்கிறது, எண்பதுகளின் நடுவில் வந்த மூன்று தகடுகள். இரண்டு வாசிப்பான்களில் போட்டும் துணைத்தடத்தில் ஓர் எழுத்துகூட இல்லை. அந்தத் தகடுகள் அழுத்தப்பட்டபோது குறியீடே பிறந்திருக்கவில்லை. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பாடியவர்கள் பெயரையும், அரங்கத்தையும், பதிவான நாட்களையும், தகட்டின் உள்வளையத்தில் பொறித்திருந்த எண்ணையும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.